மரிக்கொழுந்துப் பாசி இங்கே இருக்க, மறுபடியும் வெளியூர் நாத்து எதற்கு?

கடல்பாசி வளர்ப்புக்குத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும், அந்தத் திட்டத்துக்கு விதை தேடும் ஆய்வாளர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் நானும் ஒருத்தி. திரையில் இந்தோனேசியாவின் பாசித் தோட்டங்களைக் காட்டினீர்கள், தண்ணீரே தெரியாத அளவுக்குக் கயிறு கயிறாக. கடைசியில் பேசியவர் சொன்னார்: "கடல்ல முங்கி, கை கிழிஞ்சு, காட்டுப் பாசி எடுக்கிறதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான். வெளிநாட்டுல இருந்து புது நாத்து வரப்போகுது. எல்லாரும் மிதவைக்கு மாறிடுங்கம்மா." கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். டீயும் சமோசாவும் வந்தது. நாங்கள் காட்டுப் பாசி எடுப்பது தீவுகளைச் சுற்றித்தான், பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி எழுந்து, "அப்ப தீவுப் பக்கம் எங்கள விட மாட்டீங்களா?" என்று கேட்டதற்கு, நேரமாகிவிட்டது, மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று பதில் வந்தது. சரி, எழுதுகிறேன். மனுவாகக் கொடுத்தால் அது எந்த மேசைக்கு அடியில் போகும் என்று தெரியும், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

என் அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் பாசி எடுத்தவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பதினோரு வயதிலேயே நானும் அவரோடு வள்ளத்தில் ஏறிவிடுவேன். விரல்களில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, முகக்கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கினால் செத்த பவளக் கல்லில் கம்பளி ஒட்டின மாதிரி மரிக்கொழுந்து இருக்கும். அப்புறம் 2009-இலிருந்து ஐந்து வருடம் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், மிதவை போட்டுப் பாசி வளர்த்தவளும் நான்தான். அதனால் இவளுக்கு வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று தள்ளிவிட முடியாது. பாசி வளர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பாசியை வளர்ப்பது, அதைப் பற்றி யாரைக் கேட்பது, இந்த இரண்டில்தான் எனக்குச் சண்டை.

முதலில் நீங்கள் "காட்டுப் பாசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். மரிக்கொழுந்து ஒரு பாசி. கஞ்சிப்பாசி வேறொன்று, பேரே சொல்கிறது, கஞ்சி காய்ச்சிக் குடித்தது. இந்த இரண்டிலிருந்தும் அகர் என்கிற, கூழை உறைய வைக்கிற பொருளை எடுக்கிறார்கள், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டிலிருந்து இனிப்புப் பலகாரம் வரைக்கும் அது போகிறது. கட்டக்கோரை, பக்கோடாப் பாசி இரண்டும் அல்ஜினேட் என்கிற பசைப்பொருளுக்கு, துணிக்குச் சாயம் ஏற்றுகிற வேலைக்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகர் வருவது நின்றுபோனபோதுதான் நம் ஊர்க் கரையில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள். 1960-களில் வியாபாரிகள் வந்தார்கள், மதுரைப் பக்கம் அகர் ஆலைகள் வந்தன, எங்கள் பாட்டி, அம்மா தலைமுறை கடலில் இறங்கியது. இத்தனை வருடமாக நாட்டுக்கு அகர் கொடுத்தது இந்தப் பெண்களின் மூச்சுதான்.

இதற்குள் ஒழுங்கு இல்லை என்று நினைக்காதீர்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள்தான் போவது என்று பெண்கள் தாங்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இருக்கிறது. கல்லைச் சுரண்டுகிற இரும்புக் கருவிகளை விட்டதும் அப்படித்தான். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் பாசியையும் வளர விட்டுவிடுவோம். எங்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி அக்கா 2015-இல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீக்காலஜி விருது வாங்கிவந்தது இந்தப் பெண்களைத் திரட்டியதற்காகத்தான். உலகம் கூப்பிட்டு மாலை போட்ட வேலையைத்தான் எங்கள் ஊர்க் கூடத்தில் "இன்னும் கொஞ்ச நாள்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

இப்போது மிதவைக் கதைக்கு வருகிறேன்.

நீங்கள் கப்பாபைகஸ் என்று சொல்கிற பாசியை நாங்கள் கம்பெனிப் பாசி என்போம். அது பிலிப்பைன்ஸ் கடலில் பாரில், அதாவது கடலடிப் பவளத் திட்டில், தானாக முளைத்துக் கிடந்தது. அங்கேயும் எங்களைப் போல ஆட்கள் பிடுங்கி விற்றார்கள், பிடுங்கப் பிடுங்கக் குறைந்தது, கேராஜினன் என்கிற, உணவைக் கெட்டியாக்குகிற பொருளை எடுக்கிற ஆலைகளுக்குச் சரக்குப் போதவில்லை. அப்போது 1960-களின் கடைசியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மேக்ஸ்வெல் டோட்டி என்ற விஞ்ஞானியும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து அதைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பழக்கினார்கள். ஒரு துண்டை ஒடித்துக் கட்டினால் அது பெருக்கும், அதை ஒடித்து இன்னும் பத்துக் கட்டலாம். வித்து வேண்டாம், முளைப்புக் கூடம் வேண்டாம், கரும்புக் கரணை நடுகிற மாதிரி. அந்தக் கொடியின் ஒரு பங்கு 1984-இல் ஜப்பான் வழியாக இந்தியாவுக்கு வந்தது, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் குஜராத்தில் ஓகா கரையில் வளர்த்துப் பார்த்தது, 1990-களில் எங்கள் பக்கத்து மண்டபம் ஊருக்கு வந்தது. 2000-க்குப் பிறகு ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனி உரிமம் வாங்கிக் கரைக்கு இறங்கிய பிறகுதான் ஊருக்கு ஊர் மூங்கில் மிதவை.

கணக்கு பார்க்க அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் சட்டம், குறுக்கே கயிறு, கயிற்றில் 60 கிலோ நாத்து. 45 நாளில் அது இருநூறு கிலோவைத் தாண்டும். ஒரு ஆளுக்கு 45 மிதவை, தினம் ஒன்று அறுப்பது, அதிலேயே 60 கிலோவை எடுத்து மறுபடி கட்டுவது, மிச்சத்தைக் காயப் போடுவது. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. முங்க வேண்டாம், தீவுப் பக்கம் காவலுக்கு வருகிற வனத்துறைக்காரர்களுக்குப் பயந்து ஓட வேண்டாம், கரையில் நிழலில் உட்கார்ந்து நாத்துக் கட்டலாம், பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே கட்டலாம். என் இரண்டாவது மகன் அப்படி வளர்ந்தவன்தான். முதல் மூன்று வருடம் கையில் காசு நின்றது. வீட்டுக்குக் கூரை மாற்றினேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

அப்புறம் 2013 வந்தது.

அந்தக் கோடையில் கச்சான் காற்று இன்னும் எழவில்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது, காலை வைத்தால் குளிக்கக் காய்ச்சின வெந்நீர் மாதிரி. முதலில் ஒரு கிளையில் ஒரு இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. கை பட்டால் அந்த இடத்தில் ஒடிந்து விழும். நாலே நாளில் மிதவை மிதவையாக வெளுத்துக் கீழே கொட்டியது, காலையில் போய்த் தூக்கினால் வெறும் கயிறு, கயிற்றில் சேறு. என் மிதவை, பக்கத்து ஆள் மிதவை, முனைக்காட்டிலிருந்து அந்தப் பக்கம் தொண்டி வரைக்கும் எங்கே விசாரித்தாலும் இதே கதை. வெளுப்பு நோய் என்று பேர் சொன்னீர்கள். பேர் தெரிந்து என்ன செய்ய, குழுக் கடன் தவணை நிற்கவில்லை. அடுத்த நடவுக்கு நாத்து வேண்டும் என்று அலைந்தபோது நாத்தே இல்லை. காப்பீடு என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாக எனக்கு நினைவு இருக்கிறது, பணம் வந்ததாக நினைவு இல்லை.

ஏன் எல்லாருடைய பாசியும் ஒரே வாரத்தில் செத்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு ஆராய்ச்சி மாணவி சொல்லித்தான் விளங்கியது. அவ்வளவு மிதவையிலும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே செடி. ஒடித்து ஒடித்து, கட்டிக் கட்டி, முப்பது வருடம் பெருக்கிய ஒரே உடம்பு. அதற்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைப்பேறும் இல்லை. ஒரு செடிக்குத் தாங்காத சூடு எல்லாச் செடிக்கும் தாங்காது. நெல்லாக இருந்தால் ஒரு வயலில் நாலு கதிராவது பிழைத்து நிற்கும், அதிலிருந்து விதை எடுக்கலாம். இங்கே அந்த நாலு கதிரும் கிடையாது.

அந்த வருடம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால் தெரியுமா? ஐந்து வருடமாகக் கடலில் முங்காத நான், ஐம்பத்தெட்டு வயது அம்மாவோடு மறுபடியும் துணியைச் சுற்றிக்கொண்டு தென்கடலில், மன்னார் வளைகுடாப் பக்கம், இறங்கினேன். மரிக்கொழுந்து அங்கேயே இருந்தது. அந்தச் சூட்டில் அதற்கும் வாட்டம்தான், ஆனால் செத்துப் போகவில்லை. எத்தனையோ தலைமுறையாக இதே கோடை, இதே வாடை, இதே ஓரா மீன் கடியில் பழகின செடி அது. உங்கள் திட்டம் படுத்தபோது எங்களைத் தாங்கிய அந்தத் தொழிலைத்தான் இப்போது மூடச் சொல்கிறீர்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு, அதில் எங்கள் கையும் இருக்கிறது, அதனால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மிதவையிலிருந்து ஒடிந்து விழுகிற பாசி எங்கே போகும்? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவு, 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். அந்தத் தீவுப் பக்கம் கப்பாபைகஸ் வேண்டாம், வடகடலிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்று 2005-இல் அரசே ஆணை போட்டது. ஆனால் பாம்பன் பாலத்துக்கு அடியில் தண்ணீருக்குக் கதவு போட முடியுமா? வாடைக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்து கிடப்பதை எழுதினார்கள். பாய் விரித்த மாதிரி மூடிவிடும், கீழே இருக்கிற பவளத்துக்கு வெளிச்சம் போகாது. பரவியது கொஞ்ச இடம்தான் என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு, அதையும் நான் ஒளிக்கவில்லை. ஆனால் அதைப் பிடுங்க எங்கள் பக்கத்து ஆட்களே கூலிக்குப் போனார்கள், பிடுங்கும்போது ஒடிகிற சின்னத் துண்டு மறுபடி முளைத்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஹவாயில் கனியோஹே விரிகுடாவில் டோட்டியே 1970-களில் கொண்டுபோய் விட்ட பாசியை, பிற்காலத்தில் கடலடியில் உறிஞ்சு குழாய் வைத்து எடுத்து, அப்புறம் கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டு மேய வைத்தார்கள். ஒரு பாசியை ஒடித்துக் கட்ட ஒரு நாள் போதும், அது தப்பி ஓடினால் திரும்பப் பிடிக்க எத்தனை வருடம் என்று அவர்களைக் கேளுங்கள்.

இவ்வளவு பட்ட பிறகு இப்போது என்ன நடக்கிறது? 2020-இல் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் 640 கோடி ஒதுக்கினார்கள், 2025-க்குள் வருடத்துக்கு 11 லட்சம் டன்னுக்கு மேல் இலக்கு வைத்தார்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வளமாவூரில் 127 கோடிக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2024-இல் உயிருள்ள பாசியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வழிகாட்டு நெறிமுறை வந்தது. இருக்கிற நாத்து நலிந்துவிட்டது, புது நாத்து வேண்டும் என்பது அதற்குக் காரணம். நலிந்தது உண்மை. ஆனால் நலிந்த கொடிக்குப் பதிலாக இன்னொரு ஊர்க் கொடி வாங்கி வந்து, அதையும் முப்பது வருடம் ஒடித்து ஒடித்துக் கட்டி, அதுவும் வெளுத்ததும் இன்னொரு நாட்டுக்குப் போவதா?

ஒரு காட்டுச் செடியை வீட்டுக்குப் பழக்குவது என்பது அதன் பிறப்பு, வளர்ப்பு, சாவு எல்லாம் தெரிந்துகொள்வது. ஜப்பான்காரர்கள் முந்நூறு வருடத்துக்கு மேல், தாங்கள் சாப்பிடுகிற நோரிப் பாசியைக் கடலில் குச்சி நட்டு, வலை கட்டி எடுத்தார்கள். ஆனால் அதன் வித்து எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ஒட்டினால் ஒட்டும், இல்லாவிட்டால் அந்த வருடம் போச்சு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விளைச்சல் படுத்தே விட்டது. 1949-இல் இங்கிலாந்தில் கேத்லீன் ட்ரூ என்ற பெண், தன் ஊர்க் கரையில் கிடைக்கும் அதன் பங்காளிப் பாசியை வைத்துக் கண்டுபிடித்தார்: சிப்பி ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வாழ்கிற ஒரு இளஞ்சிவப்புப் பாசி, வேறு இனம் என்று எல்லாரும் நினைத்தது, அதே செடியின் இன்னொரு பருவம். அவ்வளவுதான், ஜப்பான்காரர்கள் சிப்பி ஓட்டில் வித்து ஏற்ற ஆரம்பித்தார்கள், இன்றைக்கு நோரி எத்தனை கோடித் தொழில் பாருங்கள். அந்த அம்மா ஜப்பானுக்குப் போனதே இல்லை. கல்யாணம் ஆனதால் பல்கலைக்கழகத்தில் வேலை போய், சம்பளமில்லாமல் ஆராய்ச்சி பண்ணினவர். (இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.) 1963-இல் ஜப்பானில் குமமோட்டோ பக்கத்தில் பாசிக்காரர்கள் அவருக்கு நினைவுக் கல் வைத்து, இன்றும் ஏப்ரல் 14-இல் கூடுகிறார்கள்.

சீனாவில் வளர்க்கும் குளிர்கடல் பாசி ஹைதையும் வெளியிலிருந்து போனதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், 1920-களில் ஜப்பானிலிருந்து போனது. ஆனால் அவர்கள் அதை வித்திலிருந்து முளைக்க வைத்து, கோடையில் குளிர்ந்த தண்ணீரில் குஞ்சு நாத்தைக் காப்பாற்றி, பொறுக்கிப் பொறுக்கி ரகம் எடுத்தார்கள். துண்டை ஒடித்துக் கட்டிவிட்டுப் போகவில்லை. பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சிக்காரர்களே இன்று பழைய நாத்தை நம்பாமல் மறுபடியும் காட்டுச் செடிகளைத் தேடிப் போய், அவற்றைப் பழக்கிப் பார்க்கிறார்கள். கொடுத்த ஊர்க்காரனே தன் காட்டுக்குத் திரும்பிவிட்டான். வாங்கின நாம் ஏன் நம் காட்டைப் பார்க்க மாட்டேன் என்கிறோம்?

நம்மிடம் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மண்டபத்தில் கயிற்று வலையில் கஞ்சிப்பாசி வளர்த்துப் பார்த்தார்கள், மரிக்கொழுந்தைக் கல்லில் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள், எங்கள் அம்மாவுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கிறது. கஞ்சிப்பாசி நன்றாகவே வந்ததாம், ஆனால் ஓரா மீன் மேய்ந்துவிடும், காற்றடித்தால் வலை அறுந்துபோகும். மரிக்கொழுந்து மெதுவாகத்தான் வளரும். லாபம் கம்மி என்று விட்டுவிட்டு, 45 நாளில் பெருக்கிற கம்பெனிப் பாசி வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஓடியதில் நானும் உண்டு. ஆனால் கப்பாபைகஸுக்குக் கொட்டிய காசில் பாதி, காத்திருந்ததில் பாதி, கஞ்சிப்பாசிக்கும் மரிக்கொழுந்துக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் யாராவது கணக்குப் போட்டீர்களா? அகர் வேறு, கேராஜினன் வேறு, கப்பாபைகஸ் எவ்வளவு வளர்த்தாலும் அதில் அகர் கிடைக்காது என்பதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு சொல்கிறேன். கஞ்சிப்பாசியில் சில செடியில் பரு பருவாக இருக்கும், கையில் தடவினால் தெரியும். அம்மா அதைச் சூல் பாசி என்பார், பிடுங்க விடமாட்டார். அந்தப் பருவில்தான் வித்து இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டது முப்பது வயதில், அம்மா அதைச் செய்துகொண்டிருந்தது அவருடைய இருபது வயதிலிருந்து. மரிக்கொழுந்தை நுனியில் பிய்த்தால் அதே கல்லில் திரும்ப வரும், அடியோடு உரித்தால் அந்தக் கல் வெறுங்கல். எந்தப் பாரில் எந்த மாதம் நீளமாக இருக்கும், கலங்கல் தண்ணீரில் எது தடிக்கும், எந்தக் கல்லுப் பாசி காய்ந்தபிறகு எடை நிற்கும், வியாபாரி எதைத் தொட்டுப் பார்த்துத் தள்ளுவான், இதெல்லாம் எங்கள் தலையில் இருக்கிறது. நல்ல ரகம் பொறுக்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இத்தனை வருடத்தில் என்னிடம் வந்து "எந்தச் செடி நல்ல செடி, காட்டம்மா" என்று கேட்டது அந்த ஒரு மாணவி மட்டும்தான். அவரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்.

இன்னும் ஒரு வேடிக்கை. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. உயிரினத்தை விற்றுச் சம்பாதிக்கிறவர்கள் ஊருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பெனிப் பாசியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் பங்குத்தொகை கட்டப்பட்டது. எங்கிருந்தோ வந்த பாசிக்குப் பங்கு உண்டு. இங்கேயே பிறந்து, எங்கள் பெண்கள் மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து எடுத்த மரிக்கொழுந்துக்கு என்ன பங்கு வந்தது? நாளைக்கு யாராவது எங்கள் பாரிலிருந்து நல்ல செடி ஒன்றை எடுத்துப் போய், ஆய்வுக்கூடத்தில் பழக்கி, அதற்கு ஒரு எண்ணும் பேரும் வைத்து, எங்களுக்கே நாத்தாக விற்றால் நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

அதனால் நான் கேட்பது இவைதான், தெளிவாகவே கேட்கிறேன்.

வெளிநாட்டு நாத்தை எங்கள் கடலில் இறக்காதீர்கள், வடகடலிலும் வேண்டாம். இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால், எந்த ரகம், எங்கிருந்து, எத்தனை நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தீர்கள், என்ன நோய் தேடினீர்கள் என்பதை முதலில் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். தீவுகளில் ஏற்கெனவே படர்ந்தது இப்போது எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கையும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

மண்டபத்தில் விதை வங்கி, சிறப்பு மையம் என்றெல்லாம் அறிவித்திருக்கிறீர்கள். அதில் கஞ்சிப்பாசிக்கும் மரிக்கொழுந்துக்கும் தனி இடமும் தனிப் பணமும் ஒதுக்குங்கள், வித்திலிருந்து நாத்து எடுக்கிற வேலையை ஒரு சீசனில் கைவிடாமல் குறைந்தது ஐந்து வருடம் நடத்துங்கள். அந்த வேலைக்குச் செடி பொறுக்க எங்கள் பெண்களைச் சம்பளத்துக்கு எடுங்கள், தினக்கூலிக்கு இல்லை, மாதச் சம்பளத்துக்கு. ஆய்வு அறிக்கையில் "உள்ளூர் மக்கள் உதவினர்" என்று எழுதாமல், அவர்கள் ஒப்புக்கொண்டால் பேரோடு எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்ததை எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எங்கள் வாயால் சொல்லச் சொல்லி ஏற்றுங்கள், எங்கள் பாரிலிருந்து எடுத்த செடி வியாபாரத்துக்குப் போனால் பங்கு எவ்வளவு என்பதை எடுப்பதற்கு முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மிதவை வாங்குகிறவர்களுக்கு மானியம் கொடுக்கிற அன்றே பயிர்க் காப்பீட்டுக் காகிதத்தின் நகலையும் கையில் கொடுங்கள். வெளுப்பு நோயில் செத்தால் எத்தனை நாளில் எவ்வளவு என்று அதில் இருக்கட்டும்.

கடைசியாக, அந்த அக்கா கேட்ட கேள்வி. மிதவைக்கு மாறுவதும் தீவுப் பக்கம் போவதும் இரண்டு வேறு விஷயம், ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்காதீர்கள். மாதம் 12 நாள், கையால் மட்டும், தடைக்காலத்தில் இல்லை என்ற எங்கள் ஏற்பாட்டை எழுத்தில் ஏற்றுக்கொண்டு, அடையாள அட்டை வைத்திருக்கிற பெண்களை மறிக்கக் கூடாது என்று சம்பந்தப்பட்ட எல்லாத் துறைக்கும் கடிதம் அனுப்புங்கள்.

இதைப் பேச மறுபடி ஒரு கூட்டம் போடுங்கள். போன தடவை பௌர்ணமிக்கு மறுநாள் வைத்தீர்கள், அன்றைக்கு முக்கால்வாசிப் பெண்கள் கடலில் இருந்தார்கள், வந்தது முங்க முடியாத நாங்கள் கொஞ்சப் பேர்தான். இந்தத் தடவை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில், தண்ணீர் வற்றாத நாளாகப் பார்த்து வையுங்கள். திரையும் படமும் வேண்டாம். ஒரு வாளி கடல்தண்ணீரில் நாலு கஞ்சிப்பாசிச் செடி கொண்டுவருகிறோம், எது சூல் பாசி என்று அம்மா காட்டுவார்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து, பாசி எடுக்கிறவள்